வீட்டுக் கூரைக்கு எத்துணைக் காப்பு வேண்டும்?

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது சிறுவரும் அறிந்ததே. இம் மூன்றனுள் முன்னைய இரண்டைப்பற்றி நாம் நாடோறும் எண்ணுகின்றோம். அரிசியின் விலை ஏறினால் ஊரெல்லாம் பேசும். ஆடையின் சாயம் போயின் கடைக்காரரோடு வழக்கு எழும். உறையுளைப்பற்றியோவெனின், பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையே எண்ணுகின்றனர். அவ்வொரு முறையும் வாயிற்கதவின் வேலைப்பாட்டையும், சுவரின் வண்ணத்தையும், தரையிற் பதிக்கும் கல்லின் மெருகையும் எண்ணுகின்றனரேயன்றித் தலைக்குமேல் நிற்கும் கூரையை எண்ணுவார் சிலரே. மழை ஒழுகாதிருந்தாற் போதும் என்று அமைந்துவிடுகின்றனர். கூரை தடுக்கவேண்டுவது மழை ஒன்றைத்தானா? ஆண்டில் மழை பெய்யும் நாட்கள் சில. வெயில் காயும் நாட்கள் பல. ஆகலின், வெயிலைத் தடுத்தற்குக் கூரைமீது எத்துணைக் காப்பு அமைத்தல் தகும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

காப்பு என்று யாம் கூறுவது யாதெனின், வெப்பம் ஒரு புறத்தினின்று மறுபுறம் எளிதிற் செல்லாதவாறு இடையே வைக்கும் பொருளாம். அஃது உண்மையில் அசையாது சிறைப்பட்ட காற்றேயன்றி வேறன்று. இலவம்பஞ்சு மெத்தை உடற்சூட்டைக் காப்பது பஞ்சின் ஆற்றலால் அன்று. பஞ்சிழைகளின் இடையே அடைபட்டு நிற்கும் காற்றின் ஆற்றலாலேயாம். அம் மெத்தை ஆண்டுபல கழிந்து நசுங்கி இறுகியபின் முன்போற் காவாமை அதனாலேயே. உமியும் வைக்கோலும் மரத்தூளும் இவ்வினத்தனவே. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் கட்டிடம், 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்தற்கென்று எழுந்ததாகும். மாசசூசெட்ஸ் நாட்டு ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி, வெப்பக் கடல்களைக் கடந்து திங்கள் பல கழித்து நம் துறைமுகத்தை அடைந்தபோதும் முற்றும் உருகிவிடவில்லை. அதனைச் சூழ்ந்து பொதிந்திருந்தது மரத்தூள். விலையற்ற அத் தூள் செய்த வேலையைக் காப்பின் பயனுக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

குளிர்நாட்டார் இப் பயனை நன்கு அறிந்தவர். அவர்தம் வீடுகள் பெரும்பாலும் சரிவான கூரை உடையன. கூரைக்கும் அறைகளின் மேற்றளத்துக்கும் இடையே ஆள் நிமிர்ந்து நிற்கவும் நிற்கமாட்டாமலும் ஒரு வெளி உண்டு. நம்மவர் மச்சு என்பது அதனையொக்கும். அம் மச்சின் தரைமீது கண்ணாடிப் பஞ்சையோ, பழைய செய்தித்தாள்களை நூறித் தீப்பற்றாவண்ணம் உப்பேற்றிய தாட்பஞ்சையோ பரப்புகின்றனர். இங்கிலாந்தில் இன்று கூறப்படும் அளவு 270 மில்லிமீட்டர். அரை முழத்துக்குச் சற்று மிகுதி எனலாம். அமெரிக்க அரசின் ஆற்றல் துறையார், வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலை ஓர் எண்ணாற் குறித்து, காப்பே இல்லாத மச்சுக்கு நாட்டின் வெம்மை மிகுந்த தென்கோடியில் 30 என்றும், குளிர் மிகுந்த வடபகுதிகளில் 60 என்றும் அளவு வகுத்துள்ளனர். தாட்பஞ்சு ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ மூன்றரை எண் தரும். எனவே தெற்கே எட்டு ஒன்பது அங்குலமும், வடக்கே பதினேழு அங்குலமும் வேண்டும் என்பது பெறப்படும்.

இவற்றைக் கேட்ட நம்மவருள் இரு திறத்தார் உளர். ஒரு திறத்தார், “அது குளிர்நாட்டார்க்கு உரியது, நமக்கு அதனால் ஆவது யாது?” என்று கைவிடுகின்றனர். மற்றொரு திறத்தார், “அவர் பதினேழு அங்குலம் இடுகின்றனரெனின் நாமும் இயன்றமட்டும் இடுவோம்; மிகுந்தாற் குற்றம் என்னை?” என்கின்றனர். இவ்விரு கொள்கையும் பிழை என்பதே எம் கருத்து. முன்னையது ஏன் பிழையென்றால், காப்பானது வெப்பத்தை வெளியே செல்லாமல் தடுப்பது போலவே உள்ளே வாராமலும் தடுக்கும். பனிக்கட்டிக் கப்பலே அதற்குச் சான்று. பின்னையது ஏன் பிழை என்பதற்குச் சிறிது கணக்கு வேண்டும்.

பிரான்சு நாட்டு அறிஞர் ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் வெப்பம் பொருள்களினூடே செல்லும் முறையை விளக்கினார். அவர் காட்டிய நெறியின்படி, இருபுறத்து வெம்மைகளின் வேறுபாடு மிகுந்தால் வெப்பம் மிகுதியாகச் செல்லும். இடையிலுள்ள தடை மிகுந்தால் குறைவாகச் செல்லும். ஆறு அங்குலக் கான்கிரீட் தளம் ஒன்றினைக் கொள்வோம். கான்கிரீட் பார்வைக்குக் கனத்ததாயினும் வெப்பத்துக்கு அது திறந்த வாயிலே. அத் தளத்தினூடே ஒரு நாழிகையில் 100 பங்கு வெப்பம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஓரங்குல நுரைப்பலகை இட்டால், அதாவது தெர்மாகோல் இனத்துப் பலகையை இட்டால், இறங்குவது ஏறத்தாழ 33 பங்காகும். இரண்டங்குலம் இட்டால் 20. மூன்றங்குலம் இட்டால் 14. நான்கங்குலம் இட்டால் 11. முதல் அங்குலம் தடுத்தது 67 பங்கு, இரண்டாவது 13, மூன்றாவது 6, நான்காவது 3. நான்கு அங்குலத்துக்கும் விலை ஏறக்குறைய ஒன்றே. பயனோ ஒன்றினொன்று மிகக் குறைவு. பசித்தவனுக்கு முதற் கவளம் செய்யும் நன்மையைப் பத்தாம் கவளம் செய்வதில்லை. கூரைக்கும் அஃதே வழக்கு.

அற்றேல், அமெரிக்கத் தென்கோடியும் வெப்பநாடன்றோ? அவர்க்கு எட்டங்குலம் தகுமெனின் நமக்கு ஏன் தகாது? என்று வினவலாம். விடை கூறுவோம். அங்கே வீடு முழுதும் குளிர்ப்பொறியால் பகலும் இரவும் குளிர்விக்கப்படுகின்றது; தடுத்த ஒவ்வொரு பங்கு வெப்பமும் மின்சாரச் செலவிற் குறைகின்றது; ஆதலின் ஐந்தாம் அங்குலமும் அவர்க்கு ஆண்டுகள் பல கழித்தேனும் விலையை மீட்டுத் தரும். அன்றியும், அவர்தம் மச்சு வெற்றிடம். அங்கே பஞ்சைக் கொட்டிப் பரப்பினால் வேலை முடிந்தது. நம் மொட்டை மாடியோ வெற்றிடம் அன்று. அங்கே வற்றலும் வடகமும் காய்கின்றன, துணி உலர்கின்றது, நீர்த்தொட்டி நிற்கின்றது, கோடையிரவிற் பாய் விரித்து மக்கள் உறங்குகின்றனர். ஆங்கு இடும் காப்பு காலடியையும் கனமழையையும் தாங்கவேண்டும். அதன்மேல் ஒரு மூடுதளமும் ஓடும் வேண்டும். கனம் ஏற ஏறச் செலவும் சுமையும் இடரும் ஏறும்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். வேனிற் பள்ளி, கூதிர்ப் பள்ளி என்னும் சொற்கள் பழந்தமிழ் நூல்களில் வழங்குகின்றன. பருவத்துக்கேற்ப உறையும் இடத்தையே மாற்றிக்கொண்ட செல்வர் இந் நாட்டில் இருந்தனர் என்பது அச் சொற்களாற் புலனாகும். செல்வர் அல்லாதார்க்குத் தென்னங்கீற்றும் பனையோலையும் வைக்கோலும் இருந்தன. ஓலைமேல் ஓலை அடுக்க அவற்றிடையே காற்றுச் சிறைப்பட்டு, உச்சி வெயிலிலும் குடிசையின் உள்ளே தண்மை நிலவிற்று. பின்னர்ச் சென்னை முதலிய நகரங்களிற் பெருகிய மெட்ராஸ் டெரஸ் என்னும் தளத்தில், தேக்குக் கட்டைகளின்மேற் செங்கல்லைச் செங்குத்தாய் நிறுத்திச் சுண்ணாம்பிற் பிணைத்து, அதன்மேற் செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதித்தனர். கடுக்காய் நீரும் வெல்லமும் சுண்ணாம்பிற் சேர்ந்தன. மேற்குக் கரையில் 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் நிறுவிய ஓட்டாலையிலிருந்து பரவிய சீமை ஓடு, தென்மாவட்டங்களிலும் வீடுகளையும் பள்ளிகளையும் மூடிற்று. ஓட்டின் இடுக்குக்களில் வெப்பக்காற்று வெளியேறியது; ஓட்டின்கீழ்ப் பலகை மச்சு இட்ட வீடுகளில் வெயிலுக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு வெளி அமைந்தது.

இவையெல்லாம் இன்று அருகி வருகின்றன. அதற்குத் தக்க காரணமும் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் ஓலைக்கூரையிற் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அந் நாளை எண்ணுங்கால் எவர்க்கும் நெஞ்சம் நடுங்கும். அதன்பின் பள்ளிகளில் ஓலைக்கூரையை நீக்கவேண்டும் என்று அரசு ஆணையிட்டது முற்றும் அறமே. ஓலை மீளவேண்டும் என்று யாம் ஒருபோதும் கூறோம். ஆனால், ஓலை போனபோது அதனோடு அதன் தண்மையும் போயிற்று என்பதை மறத்தலாகாது. ஓலை இருந்த இடங்கள் பலவற்றில் தகரமும் கல்நார்த் தகடும் ஏறின. தகரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரும் இல்லை; வெப்பத்துக்கு அஃது ஒரு தடையே அன்று. தீயினின்று காத்த பிள்ளைகளை வெயிலிடம் ஒப்புவித்தல் ஆகுமா?

குடிசைகளின் கதியும் இதுவே. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டம் ஒன்று 2010-இல் தமிழ்நாட்டில் தொடங்கியது; 2030-க்குள் எட்டு இலட்சம் வீடுகள் கட்டும் நோக்கத்தோடு கலைஞரின் கனவு இல்லம் என்னும் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. தீயும் புயலும் மழையும் அணுகாத வீடு ஏழைக்குக் கிடைத்தல் பெரும்பேறே. அவ்வீட்டின் தளமோ வெற்றுக் கான்கிரீட்டாக விடப்படின், நண்பகலில் விழுந்த வெயிலைப் பகலெல்லாம் உண்டு, மாலையிலும் முன்னிரவிலும் உள்ளே உமிழும். கதிரவன் மறைந்தபின்னும் மேற்றளத்தைக் கையால் தொடின் சுடும் என்பதைக் கான்கிரீட் வீட்டில் வாழ்வோர் யாவரும் அறிவர். பகலெல்லாம் வெயிலில் உழைத்து வந்தவர்க்கு இரவிலும் உடல் ஆறுவதில்லை. கைக்குழந்தையும் முதியோரும் நோயாளரும் வீட்டைவிட்டு வெளியே செல்லவும் இயலாதவர். வெம்மை அலைகள் நாடெங்கும் கடுமையாகிவரும் இக்காலத்தில் இஃது உயிரைப்பற்றிய செய்தியாகும்.

இந் நிலைக்கு மருந்து அரிதன்று. நடுவண் அரசின் ஆற்றல் சிக்கனத் துறையார் 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுதி, குடியிருப்புக் கூரையினூடே ஒரு சதுர மீட்டரில் ஒரு பாகை வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் செல்லலாகாது என்று வரையறுத்தது. காப்பில்லாத ஆறங்குலக் கான்கிரீட் தளத்தில் அது மூன்றுக்கும் மேற்படும். மூன்றிலிருந்து 1.2-க்கு இறங்கச் செங்கற் சல்லியும் சுண்ணாம்புமே கருவியாயின் ஏறத்தாழ ஒரேகால் அடிக் கனம் கெட்டிக்கவேண்டும். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அரை டன்னுக்கு மேற்பட்ட சுமை ஏறும். தளம் அதனைத் தாங்காது. நுரைப்பலகையோ இரண்டு செண்டிமீட்டர் கனமே போதும். அதன் எடையோ மிகச் சிறிது. ஓரங்குலம் இட்டால் அவ்வளவினையும் கடந்து சிறிது நலம் பெறலாம். ஓரங்குலமே நம் ஏழை வீட்டுக்குத் தக்க அளவு என்று யாம் துணிவது இக் கணக்கினாலேயாம்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அவ்விதித்தொகுதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் எழும் கட்டிடங்களுக்கென்றே வகுக்கப்பட்டது. அத்துணை மனை உடையார்க்குக் குளிர்ப்பொறி வாங்கும் ஆற்றலும் உண்டு. ஒன்றரை சென்று நிலத்தில் வீடு கட்டுவார்க்கே காப்பு மிகவும் வேண்டும். அவரோ விதிக்குப் புறம்பே நிற்கின்றனர். புதுவீடு கட்டுவோன் பிறர் விழுந்து சாகாவண்ணம் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் அமைக்கவேண்டும் என்று திருமறையின் உபாகமம் விதிக்கின்றது. கூரை, வீட்டுக்குரியோனின் விருப்பத்துக்கு மட்டும் உரியதன்று. அதன்கீழும் மேலும் இருப்போர் உயிருக்கு அவன் கடன்பட்டவன் என்பதே அவ்விதியின் உட்கிடை. வீடு கட்டித் தரும் அரசுக்கும் அக் கடன் உண்டு.

இனி, கனத்தை மட்டும் எண்ணி ஏனையவற்றை மறப்பார்க்குச் சில கூறுவோம். முதலாவது, நிறம். கறுத்துப் பாசி படிந்த தளம் கோடை நண்பகலில் 60 பாகை அளவும் சுடும். வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் பூச்சோ பூசினால், வெயிலின் பெரும்பங்கு வந்த வழியே மீண்டு செல்லும். வாராத விருந்தினர்க்குக் கதவடைக்கும் வேலை இல்லை. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றினை வெளியிட்டது இதனைக் கருதியே. காப்புக்குப் பொருள் இல்லாதார் வெள்ளையேனும் பூசுக. ஆண்டுதோறும் அழுக்கு நீக்கிப் புதுப்பிக்க. தகரக் கூரைக்கும் இஃது உதவும்.

இரண்டாவது, இடம். கான்கிரீட் தளத்திற் காப்பினைக் கீழே ஒட்டுவதினும் மேலே பதித்தலே சிறந்தது. மேலே இட்டால் தளம் வெயிலை உண்ணாது, வெடிப்பும் குறையும். நீர் இறங்காப் பூச்சு, அதன்மேல் நுரைப்பலகை, அதன்மேல் நீர் வடியும் சரிவோடு கூடிய மெல்லிய காரைத்தளம், அதன்மேல் தட்டோடு என்பது முறை. ஓட்டு வீடாயின் மச்சுப் பலகையின்மேல் ஓரிரண்டு அங்குலம் பரப்பி, ஓட்டின்கீழ் வெப்பக்காற்று வெளியேறும் வழிகளை அடைக்காது விடல்வேண்டும். பஞ்சினை அழுத்தித் திணித்தல் வீண். நனைய விடல் அதனினும் வீண்.

மூன்றாவது, தீ. தெர்மாகோலை விலைக்கு வாங்கித் தகரத்தின்கீழ் வெறுமனே ஒட்டிவிடுவார் உளர். அது பற்றி எரியும் பொருள். எரிந்து உருகிச் சொட்டும் பொருள். கும்பகோணத்தை மறவாதார் அதனைத் திறந்தபடி விடமாட்டார்.

நான்காவது, இரவு. “காப்பு இட்டால் உள்ளே புகுந்த வெப்பம் இரவில் வெளியேறாதே” என்று சிலர் தடை எழுப்புகின்றனர். இத் தடையில் உண்மை உண்டு. குளிர்ப்பொறி இல்லாத வீட்டிற் சன்னல் வழியும் அடுப்பு வழியும் புகுந்த வெப்பம் இரவில் வானை நோக்கித் தளத்தின் வழியே செல்லும். கனத்த காப்பு அதனைத் தடுக்கும். ஆதலினாலேயே அத்தகைய வீட்டுக்கு ஓரங்குலமும் வெண்மையும் போதும் என்கின்றோம். இரவில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் செய்க என்றும் கூறுகின்றோம். குளிர்ப்பொறி உடைய வீட்டுக்கு இரண்டங்குலம் தகும். மூன்றுக்கு மேற்செல்லுதல் நம் நாட்டிற் பெரும்பாலும் பொருளைப் புதைத்தலே. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி பஞ்சுக்கும் பொருந்தும்.

“காப்பு எதற்கு? குளிர்ப்பொறி ஒன்று வாங்கினால் முடிந்ததே” என்பாரும் உளர். பொறி வெப்பத்தை அழிப்பதில்லை. தன் வீட்டினின்று எடுத்துத் தெருவிற் கொட்டுகின்றது. பொறியில்லாத அடுத்த வீட்டான் அதனையும் சேர்த்துச் சுமக்கின்றான். காப்பில்லாத தளத்தின்கீழ்ப் பொறியை ஓட்டுதல் ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுதலை ஒக்கும். முதலில் ஓட்டையை அடைப்பதே அறிவு. பின்னரும் வேண்டின் சிறு பொறியே போதியதாகும்.

நம் கல்லூரித் தோழர்களுக்கு ஒரு சொல். நம்முட் சிலர் நாளைப் பொறியாளரோடு பணி செய்வர். சிலர் ஊராட்சிகளிலும் அலுவலகங்களிலும் அமர்வர். பலர் தத்தம் பெற்றோர்க்கு வீடு கட்டுவர். விடுதியின் மேல்மாடியில் உறங்குவோர்க்கு இக் கட்டுரையின் பொருளை எவரும் விளக்கவேண்டுவதில்லை. வெப்பமானி ஒன்றினைக் கொண்டு மேல்மாடியின் சூட்டையும் கீழ்மாடியின் சூட்டையும் ஒரு கோடைத் திங்கள் முழுதும் எழுதிவைப்பின், இயற்பியல் மாணவர்க்கு அது நல்ல பாடமாகும். ஆட்சிக் குழுவினர்க்கு மறுக்கலாகா விண்ணப்பமாகும். முன்னாள் மாணவருட் கட்டிடத் தொழில் செய்வோர், தாம் எடுத்த ஒவ்வொரு சிறு வீட்டிலும் அவ்வோரங்குலத்தை நினைவூட்டுவாராக. ஏழைக்குக் கட்டும் வீட்டின் மதிப்பீட்டில் சிமெண்டும் கம்பியும் போலக் காப்பும் ஓர் உறுப்பாக எழுதப்படவேண்டும் என்று நாம் அனைவரும் ஓயாது கேட்போமாக. கூரை என்று ஒன்றைக் கொடுத்தபின் அதன்கீழ் மனிதன் உறங்கவும் இயலவேண்டும். அதற்கு வேண்டுவது ஓரங்குலமே.